பலாச்சுளைக் கணக்கை பார்வேர்ட் செய்யும் முன்...

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் பெரும்பாலும் மூன்று வேலைகளைச் செய்கிறார்கள். குடும்பப் போட்டோவை டெஸ்க்டாப்பில் போடுகிறார்கள். பெரிய திரையில் சினிமா பார்க்கிறார்கள். பிறகு போனில் இருக்கும் வாட்ஸ்அப்பைக் கம்ப்யூட்டரிலும் திறந்து, அங்கே குவிந்து கிடக்கும் தகவல்களை நாலு குரூப்புக்கு பார்வேர்ட் செய்கிறார்கள். முதல் இரண்டைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

உத்திரமேரூரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வரும் பார்வேர்டுகளில் பழந்தமிழர் பெருமை அதிகம். பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று சொன்னவன் தமிழன். பிதாகரஸ் தேற்றத்தை வர்க்கமூலம் இல்லாமலே கண்டவன் தமிழன். உலகின் முதல் தேர்தல் நடந்தது உத்திரமேரூரில். மூன்றும் மாதத்துக்கு ஒரு முறையாவது வந்துவிடும். படித்தவுடன் மனசுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். உடனே அடுத்தவருக்குத் தட்டிவிடுவோம். கையில் கணக்குப் போடுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு மெஷின் இருக்கிறது. அதில் ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே என்று மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

பலாப்பழக் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். அது வெறும் கட்டுக்கதை இல்லை. கணக்கதிகாரம் என்ற நூலில் உண்மையாகவே இருக்கிறது. எழுதியவர் காரி நாயனார். சோழ நாட்டுக் கொறுக்கையூர்க்காரர். நிலம், பொன், நெல், அரிசி என்று அன்றாடம் அளக்கவும் நிறுக்கவும் வேண்டிய பொருள்களுக்கெல்லாம் கணக்கு வழிகளைச் செய்யுளில் சொன்ன நூல் அது. ஓலைச்சுவடிகளில் பல ஊர்களில் கைமாறி வந்து, 19ஆம் நூற்றாண்டில் அச்சேறியது. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் 1998ல் ஒரு பதிப்பு கொண்டுவந்தது.

செய்யுளில் ஏன் கணக்கு என்று கேட்கலாம். பென்டிரைவ் இல்லாத காலம். ஊர்க் கணக்குப்பிள்ளை வயல் வரப்பில் நின்றுகொண்டு கணக்குப் போட வேண்டும். சுவடியைப் பிரித்துப் பார்க்க நேரம் இருக்காது. வெண்பாவாக மனப்பாடம் செய்திருந்தால் நாக்கு நுனியில் நிற்கும். எதுகை தவறினால் ஏதோ தப்பாகச் சொல்கிறோம் என்று உடனே தெரிந்துவிடும். டேட்டா கெட்டுப் போகாமல் இருக்க அன்றைக்கு இருந்த ஏற்பாடு அது!

பலாப்பழத்துக்கு அவர் சொல்லும் வழி இவ்வளவுதான். காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளுகளை எண்ணு. வந்த எண்ணை 6 ஆல் பெருக்கு. அதை 5 ஆல் வகு. கிடைப்பது சுளை. முள் 100 என்றால் சுளை 120.

இதைப் படித்தவுடன் கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு ஒன்று புலப்படும். உள்ளே ஒரு எண்ணைக் கொடுக்கிறோம். வரிசையாக இரண்டு வேலை நடக்கிறது. வெளியே ஒரு விடை வருகிறது. கம்ப்யூட்டரில் ஓடும் எந்த புரோகிராமும், பெரிதோ சிறிதோ, அடிப்படையில் இப்படிப்பட்ட வேலைகளின் வரிசைதான். அதற்கு அல்காரிதம் என்று பெயர். இந்தப் பெயரே ஒரு அறிஞரின் பெயரிலிருந்து வந்தது. பாக்தாத்தில் 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி, இந்தியர்கள் எண்களை எழுதும் முறையையும் அவற்றைக் கொண்டு கணக்குப் போடும் வழியையும் ஒரு நூலாக எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் அது லத்தீனுக்குப் போனபோது அவர் பெயர் அல்கோரித்மி என்று திரிந்தது. பிறகு அந்தப் பெயரே கணக்கு வழிக்குப் பெயராகிவிட்டது. அல்ஜீப்ரா என்ற சொல்லும் அவருடைய வேறொரு நூலின் தலைப்பிலிருந்து வந்ததுதான். நம்முடைய எண்கள் அவர் கை வழியாக ஐரோப்பா போய், ஆயிரம் ஆண்டு கழித்துக் கீபோர்டாக நம் மேஜைக்குத் திரும்பி வந்திருக்கின்றன.

சரி, காரி நாயனாருக்கு வருவோம். அவர் சொன்னதை நம்புவதா, தள்ளுவதா? இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. போட்டுப் பாருங்கள்.

கர்ணம் கணக்கு

பலாப்பழம் எப்போதும் கையில் கிடைக்காது. ஆகவே முதலில் பிதாகரஸ் பார்வேர்டை எடுத்துக்கொள்வோம். போதையனார் பெயரில் சுற்றி வரும் பாட்டு அது. செங்கோண முக்கோணத்தில் நீளமான பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளு. மீதியோடு உயரத்தில் பாதியைச் சேர். கர்ணம் வந்துவிடும் என்கிறது. பார்வேர்டில் எப்போதும் ஒரே உதாரணம்தான் இருக்கும். நீளம் 8, உயரம் 6. எட்டில் ஒரு கூறு போக 7, ஆறில் பாதி 3, மொத்தம் 10. பிதாகரஸ் முறையிலும் 10. முடிந்தது, பெருமைப்படு, பகிர்!

உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் திறந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் என்ற தொகுப்பை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அதில் உள்ள கால்க் இதற்குப் போதும். ஏ2 செல்லில் நீளத்தையும் பி2 செல்லில் உயரத்தையும் அடியுங்கள். சி2ல் பாட்டின் வழியை எழுத வேண்டும். அதாவது =ஏ2*7/8+பி2/2 (ஏ, பி இரண்டையும் ஆங்கில எழுத்தாக அடிக்கவும்). டி2ல் பள்ளிக்கூடத்து வழி. இரண்டு பக்கங்களின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும், அதற்கு எஸ்.க்யூ.ஆர்.டி. என்ற பங்ஷன் இருக்கிறது. பிறகு சி2, டி2 இரண்டையும் தேர்ந்தெடுத்துக் கீழ்நோக்கி இழுத்துவிட்டால் எத்தனை வரிசைக்கு வேண்டுமானாலும் பார்முலா தானே போய் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் பிள்ளை இதைக் கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் ஆகும். இதே பத்து நிமிட விஷயத்தை மூன்று மாதக் கோர்ஸ் என்று சொல்லிக் காசு வாங்கும் இடங்கள் இருக்கின்றன. அது வேறு கதை.

இப்போது எண்களைப் போட்டுப் பாருங்கள். 4, 3 போட்டால் இரண்டு வழியிலும் 5. 12, 5 போட்டால் இரண்டிலும் 13. ஆகா என்று இருக்கும். 15, 8 போடுங்கள். பாட்டு 17.125 என்கிறது, சரியான விடை 17. 24, 7 போட்டால் பாட்டு 24.5 என்கிறது, சரியானது 25. இரண்டு பக்கமும் 10 என்றால் பாட்டுக்கு 13.75, உண்மையில் 14.14. கடைசியாக நீளம் 10, உயரம் 1 என்று போடுங்கள். பாட்டின்படி கர்ணம் 9.25. சாய்வுப் பக்கம் தரைப் பக்கத்தைவிடக் குட்டையாகிவிட்டது! அப்படி ஒரு முக்கோணத்தை வரையவே முடியாது.

ஆக, இது தேற்றம் இல்லை. இது ஒரு கைவழி. ஆனால் மட்டமான கைவழி என்று நினைத்துவிடாதீர்கள். உயரம், நீளத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து முக்கால் பங்குக்குள் இருக்கும்வரை இது நூற்றுக்கு ஒன்றேகால் பங்குக்கு மேல் பிழைக்காது. கூரைக்குச் சாய்வுச் சட்டம் அறுக்கும் தச்சருக்கு அது தாராளம். வர்க்கமூலம் கண்டுபிடிக்கத் தெரியாத ஒருவர் மனக்கணக்கிலேயே, எட்டால் வகுத்தும் பாதியாக்கியும் நீளத்தைச் சொல்லிவிடலாம். இதை யோசித்தவர் கெட்டிக்காரர்தான். அவருடைய கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது, எங்கே முடிகிறது என்று நமக்குக் காட்டியது பார்வேர்ட் இல்லை, ஸ்பிரெட்ஷீட்.

இதில் எனக்கு உள்ள கவலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பையன் இந்த பார்வேர்டை நம்பி வகுப்பில் போய்ச் சொல்கிறான். கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் 10, 1 என்று எழுதி ஒரே வரியில் உடைத்துவிடுகிறார். அன்றைக்கு அவன் தலையிலிருந்து போவது அந்த ஒரு பாட்டு மட்டுமா? பழைய கணக்கெல்லாம் இப்படித்தான் என்று சுவடி முழுவதையும் தூக்கிப் போட்டுவிடுவான். தூக்கிப் போட்டதில் எது போகும் தெரியுமா? கணக்கதிகாரத்தில் உள்ள வட்டக் கணக்கு. விட்டத்தில் பாதியை எடு, சுற்றளவில் பாதியை எடு, இரண்டையும் பெருக்கு, வட்டத்தின் பரப்பு வந்துவிடும் என்கிறது அது. விட்டம் 14 அடி, சுற்றளவு 44 அடி உள்ள ஒரு கிணற்று வாய் என்றால் 7ஐ 22ஆல் பெருக்க 154 சதுர அடி. இது கைவழி இல்லை. பள்ளியில் படிக்கும் பை ஆர் ஸ்கொயர் என்ற சூத்திரமும் இதுவும் ஒன்றேதான். எந்த வட்டத்துக்கும், எவ்வளவு பெரிய வட்டத்துக்கும் தவறாது. அதுவும் பை என்ற ஒரு எண்ணையே வாயில் எடுக்காமல், கயிறும் கோலும் வைத்து அளக்கக்கூடிய இரண்டு அளவுகளைக் கொண்டே சொல்லிவிடுகிறது. கயிறு பிடித்துக் கிணற்றைச் சுற்றி அளந்தவருக்கு இதைவிட வசதியான சூத்திரம் கிடையாது. ஆனால் இந்தப் பாட்டு எனக்கு பார்வேர்டில் வந்ததே இல்லை! ஆச்சரியப்பட வைக்கும் பலாச்சுளைதான் வருகிறது.

எங்கள் ஊர்ச் சுவர்

மூன்றாவது பார்வேர்டையும் விடக் கூடாது. எங்கள் ஊர் விஷயம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, குடவோலை முறையைச் சொல்கின்றன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் பேச்சிலும் இந்த ஊர் வந்தது. அதிலிருந்து பார்வேர்டுகளுக்குக் கேட்கவே வேண்டாம்.

நேரில் போய்ப் பார்த்து, அச்சில் வந்துள்ள வாசகத்தையும் படித்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. அங்கே ஓட்டுப் போடுவது இல்லை. ஊரின் 30 குடும்புகளிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் போட்டுக் குலுக்குகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அதைப் பிரித்து வேறு குடத்தில் போட்டு மறுபடி குலுக்கி, ஓர் ஓலையை எடுக்கிறான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கிப் படிக்கிறான். விரலுக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது அல்லவா! ஓட்டு இல்லை, குலுக்கல். அதுவும் பிராமணர் சபைக்கு. நிலமும் வேதப் படிப்பும் இல்லாதவர் பெயர் ஓலையில் ஏறாது. இதை மறைத்துவிட்டு உலகின் முதல் ஜனநாயகம் என்று எழுதினால், விவரம் தெரிந்த ஒருவர் வந்து உடைக்க அரை நிமிடம் போதும்.

ஆனால் பார்வேர்டில் வராத ஒரு செய்தி அதே சுவரில் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. கல்வெட்டு ஒன்று அல்ல, இரண்டு. முதலாவது 919ல். இரண்டாவது 921ல். முதலாவதில் உறுப்பினர் வயது 30க்கு மேல், 60க்குள். இரண்டாவதில் 35க்கு மேல், 70க்குள். யார் யார் நிற்கக் கூடாது என்ற பட்டியல் இரண்டாவதில் நீண்டுவிட்டது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு மட்டுமல்ல, அவருடைய உறவினருக்கும் இடம் இல்லை. அதாவது ஒரு விதியைக் கல்லில் வெட்டிய பிறகு, இரண்டே ஆண்டில் அதைத் திருத்தி மறுபடியும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். முதலாவதை அழிக்கவும் இல்லை. சாப்ட்வேர்க்காரர்கள் வெர்ஷன் 1.0, வெர்ஷன் 2.0 என்று சொல்வதை எங்கள் ஊர்ச் சபையார் உளியால் செய்திருக்கிறார்கள். பெரியவர்கள் சொன்னதை மாற்றக் கூடாது என்று இன்றைக்குப் பேசுபவர்கள் அந்தப் பெரியவர்களையே கொஞ்சம் படித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது கல்வெட்டில் இன்னொரு சுவையான இடம். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும் என்பது பொது விதி. அரைக்கால் வேலி மட்டுமே உள்ளவர், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் சொல்லித்தரக் கற்றிருந்தால் அவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். நிலம் குறைந்தால் படிப்பால் ஈடு கட்டலாம் என்கிறது. எக்ஸெல் பழகும் பிள்ளைகள் இப், ஆண்ட், ஆர் என்ற மூன்று பங்ஷன்களையும் கற்க, பாடப்புத்தகத்து மார்க் பட்டியலைவிட இது நல்ல பயிற்சி.

கால், அரைக்கால் என்றதும் ஞாபகம் வருகிறது. காரி நாயனாரின் உலகமே இந்தப் பின்னங்களின் உலகம்தான். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. மாகாணி பதினாறில் ஒன்று. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி 320ல் ஒன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எண்சுவடி வைத்து இவற்றை வாய்ப்பாடாகச் சொல்வார்கள். 1957ல் நயா பைசா வந்து, பின்னாலேயே கிலோவும் மீட்டரும் வந்த பிறகு இவை பாட்டிகள் வாயோடு நின்றுவிட்டன. 1980ல் பரம்பரைக் கர்ணம் பதவியும் போயிற்று. பதவி போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு குடும்பத்துக்குள் பூட்டி வைத்த கணக்கு ஊருக்கு நல்லதல்ல. ஆனால் அந்தக் கணக்கு ஊரார் கைக்கு வராமலே போய்விட்டது. இன்றைக்கும் பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கிறது. வீட்டில் பேசுவது ஏக்கரும் சென்ட்டும். ஒரு ஏர் என்பது சுமார் 2.47 சென்ட். இந்த ஒரு பெருக்கலை ஒரு செல்லில் போட்டு வைத்துக்கொண்டால் நிலம் விற்கும்போதும் வாங்கும்போதும் தரகர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கணக்கதிகாரம் எடுத்துக்கொண்ட பொருள்களில் நிலமும் ஒன்று என்று மேலே சொன்னேன். அந்தத் தேவை இன்னும் தீரவில்லை.

இன்னொரு நல்ல சேதி. இந்தப் பின்னக் குறிகள் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டன. 2019ல் வெளியான யூனிகோட் 12.0 பதிப்பில் தமிழுக்கு ஒரு துணைப் பகுதி சேர்த்து, முந்திரி முதலான பின்னங்களுக்கும் பழைய அளவைக் குறிகளுக்குமாக 51 குறியீடுகளுக்கு இடம் கொடுத்தார்கள். உங்கள் கம்ப்யூட்டரில் அவை வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்; எழுத்துரு இல்லை என்று அர்த்தம். கூகுள் இலவசமாகத் தரும் நோட்டோ வரிசையில் தமிழ்த் துணைப் பகுதிக்கென்றே ஒரு எழுத்துரு இருக்கிறது. அதை நிறுவிக்கொண்டால் கட்டங்கள் எழுத்தாகிவிடும். பழைய நூல்களைப் படிக்க விரும்புவோர் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 1998 முதல் நடந்துவரும் மதுரைத் திட்டத்தின் தளத்திலும் தேடிப் பார்க்கலாம். ஏ.ஐ. சாட்பாட்டைக் கேட்பதைவிட இது மேல். பார்வேர்டில் உள்ளதையே அது அழகான தமிழில் திருப்பிச் சொல்லிவிடலாம்.

பலாச்சுளை பாக்கி இருக்கிறது. பலாப்பழம் என்பது ஒரு பழம் இல்லை. பல நூறு பூக்கள் சேர்ந்து ஆன கொத்து. தோலில் தெரியும் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. மகரந்தம் சேர்ந்த பூ சுளையாகிறது. சேராத பூ சடையாகிவிடுகிறது. ஆகவே ஒரே அளவுள்ள இரண்டு பழத்தில்கூடச் சுளை ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. காம்பைச் சுற்றி எண்ணுவது பழத்தின் பருமனைப் பற்றி ஏதாவது சொல்லலாம். நீளத்தைப் பற்றிச் சொல்லாது. எனவே எல்லாப் பழத்துக்கும் இது பலிக்கும் என்று நான் நம்பவில்லை. சந்தையில் குத்துமதிப்பாக விலை பேச உதவியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நான் நினைப்பது கிடக்கட்டும். சித்திரை, வைகாசியில் பண்ருட்டிப் பழம் வண்டி வண்டியாக வரும்போது ஒரு ஷீட் திறந்து வையுங்கள். முதல் காலத்தில் முள், இரண்டாவதில் 6ஆல் பெருக்கி 5ஆல் வகுத்த விடை, மூன்றாவதில் அறுத்து எண்ணிய சுளை, நான்காவதில் எடை. எண்ணத் தொடங்கியதும் முதல் தகராறு வரும். காம்பருகே உள்ள சிறு முள் என்றால் ஒரு சுற்றா, இரண்டு சுற்றா? பாட்டில் அது இல்லை. கம்ப்யூட்டருக்கு அப்படிச் சொன்னால் வேலை நடக்காது. ஒரு சுற்று என்று ஒரு காலம், இரண்டு சுற்று என்று இன்னொரு காலம் போட்டு இரண்டையும் எழுதுங்கள். வீட்டில் ஒரு பழம்தான் வாங்குவோம் என்றால் பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பழமாவது இருந்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். எண்ணுகிற பிள்ளைகள் கையில் முதலில் நல்லெண்ணெய் தடவிவிடுங்கள். பால் பிசினோடு கீபோர்டைத் தொட்டால் சுத்தம் செய்வது பெரிய பாடு.